ஓபி சீட்டில் தெரியும் சாதி, அறிக்கையில் மறையும் சாதி

"இயந்திரத்துக்குச் சாதி தெரியாது." மருத்துவத்தில் தகவல் தொழில்நுட்பம் பற்றிய எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார். சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார். மனிதர்கள் முகம் பார்ப்பார்கள், ஊர் கேட்பார்கள், எந்தத் தெரு என்று துருவுவார்கள். கணினி எண்ணை மட்டும்தான் பார்க்கும். ஆகவே மருத்துவமனை கணினிமயமானால் பாகுபாடு தானாகவே குறைந்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. பொதுச் சுகாதாரப் பதிவேடுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஆரம்ப சுகாதார நிலையங்களின் காத்திருப்பு பெஞ்சுகளிலும் டேட்டா என்ட்ரி அறைகளிலும் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: கணினிக்குச் சாதி நன்றாகவே தெரியும். தெரியக் கூடாத இடத்தில் பளிச்சென்று தெரியும். தெரிந்தாக வேண்டிய இடத்தில் மட்டும் தெரியாது.

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் ஒரு கடிதம் வருகிறது. கத்தியவார் பகுதியைச் சேர்ந்த தீண்டப்படாத சமூகத்து ஆசிரியர் ஒருவர் எழுதியது. 1929 டிசம்பர் 12 தேதியிட்ட 'யங் இந்தியா' இதழில் வெளியானது. பிள்ளை பெற்ற இரண்டே நாளில் அவருடைய மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. பேதி, மூச்சுத்திணறல். மருத்துவர் வர மறுக்கிறார். ஊர்ப் பெரிய மனிதர் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு ஒரு நிபந்தனையோடு வருகிறார்: சேரிக்குள் வரமாட்டேன், வெளியே கூட்டி வந்தால் பார்க்கிறேன். பச்சை உடம்புக்காரியை வெளியே கூட்டி வருகிறார்கள். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவியிடம் கொடுக்கிறார். வெப்பமானி அதே வரிசையில் திரும்பி வருகிறது. மருத்துவர் விளக்கு வெளிச்சத்தில் அளவைப் பார்த்து நிமோனியா என்கிறார், மருந்து அனுப்புகிறார். மறுபடி கூப்பிட்டபோது வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

அந்த வெப்பமானியில் எந்தப் பழுதும் இருந்திருக்காது. காய்ச்சலைச் சரியாகத்தான் காட்டியிருக்கும். மருத்துவரும் படித்தவர்தான், அன்றைய நவீன மருத்துவம் தெரிந்தவர்தான். நோயாளியின் மேல் கை வைக்காமலேயே ஒரு முடிவுக்கு வர அந்தக் கருவி அவருக்கு வசதி செய்து கொடுத்தது. தொலைமருத்துவத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் வானொலியிலிருந்தும் விண்வெளி வீரர்களிலிருந்தும் தொடங்குவார்கள். நான் எழுதினால் கத்தியவாரிலிருந்துதான் தொடங்குவேன்.

இதைக் கசப்பாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25 அன்று வந்தன, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில். ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி சேவையைத் தொற்றுக் காலத்தில் மிக அதிகமாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பாட்டி சர்க்கரை மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிக் கீழே இறங்க வேண்டியதில்லை என்றால் அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் கேள்வி வேறு. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலானோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்வு செய்து 2006-ல் நூலாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுத்தார்கள் என்று அது பதிவு செய்தது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும்போதே தொடாமல் தவிர்க்கிறார்கள் என்பதை சங்கமித்ரா ஆச்சார்யா 2010-ல் ஆய்வாக எழுதினார். தொடுவதற்கே கூசும் ஒரு அமைப்பின் கையில், தொட வேண்டிய தேவையைக் குறைக்கும் ஒரு கருவியைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

களப்பணியில் நான் பார்த்த ஒன்று. இடம் வேண்டாம். திரையில் மருத்துவர், இந்தப் பக்கம் நாற்காலியில் ஐம்பது வயதுப் பெண்மணி, வயிற்று வலி. பக்கத்தில் நின்று உதவ ஒரு பணியாளர். "வயித்த அமுக்கிப் பாருங்க, எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க" என்கிறார் மருத்துவர், பணியாளரைப் பார்த்து. பணியாளர் இரண்டு முழம் தள்ளி நின்றபடியே, "நீயே அமுக்கிப் பாரும்மா" என்றார். அந்த அம்மாவும் சேலைக்கு மேலே தன் வயிற்றைத் தானே அமுக்கிப் பார்த்து, "இங்கதாங்க" என்றார். "சாஃப்ட்டா இருக்கா?" என்று திரை கேட்டது. "இருக்கு சார்." பதிவேட்டில் வயிறு மென்மையாக உள்ளது என்று ஏறியது. நாளைக்கு யாராவது இந்தத் தரவை எடுத்து ஆய்வு செய்தால், அந்த வயிற்றை ஒருவர் பரிசோதித்திருக்கிறார் என்றுதான் எழுதுவார்கள். பணியாளர் சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்தாரா, சாதியால் செய்தாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அன்று காலை அதே அறைக்கு வந்த வேறு இரண்டு பேரின் வயிற்றை அவர் அமுக்கித்தான் பார்த்தார் என்பதை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. கம்பியில்லாத் தந்திச் சாதனம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் என்று 'இனிவரும் உலகம்' எழுதிய பெரியாரின் மரபில் வந்தவர்கள். இயந்திரம் சாதியை எங்கெல்லாம் உண்மையிலேயே மறக்கடிக்கிறதோ அங்கெல்லாம் அதை நாம்தான் முதலில் வரவேற்க வேண்டும். ஒரு அரசு மருத்துவமனையில் டோக்கன் எண்ணைத் திரையில் காட்டும் முறை வந்த பிறகு, அங்கே காத்திருந்த ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் பேரச் சொல்லி, ஊரச் சொல்லி, அப்புறம் 'காலனியா'ன்னு கேப்பாங்க. இப்ப நாப்பத்தி மூணு. அவ்ளோதான்." நாற்பத்து மூன்றாக இருப்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. நகரத்துப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் யாரென்று தெரியாமல் உட்கார்ந்து போவதில் இருக்கிற அதே விடுதலை.

தமிழ்நாட்டில் கணினி மருத்துவத்துக்குச் செய்த ஆகப் பெரிய நன்மை எது என்று கேட்டால், நான் எந்தச் செயலியையும் சொல்லமாட்டேன். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைச் சொல்வேன். மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒதுக்கீடு. எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது தீரப்போகிறது என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. 'மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள்' என்ற பதில் யாரைக் கடுமையாகத் தாக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு மாநிலத்தின் கடைக்கோடி நிலையத்துக்கும் மாத்திரை போய்ச் சேர அந்தக் கணினி காரணமாக இருந்தது. கவனியுங்கள், அந்தக் கணினி யாரைக் கண்காணித்தது? அதிகாரியை, கிடங்கை, ஒப்பந்ததாரரை. நோயாளியின் பெயரைக்கூட அது கேட்கவில்லை.

பிறகு வந்த மென்பொருள்கள் தலையை நோயாளியின் பக்கம் திருப்பின.

முகவரியை எடுத்துக்கொள்வோம். பழைய ஓபி சீட்டு ஒரு துண்டுக் காகிதம். பெயர், வயது, தேதி, கீழே மருத்துவரின் கிறுக்கல். கணினி வந்த பிறகு அச்சிட்ட சீட்டில் முழு முகவரி வருகிறது. நான் உட்கார்ந்திருந்த ஒரு பதிவு அறையில் ஒரே ஊரில் பல செல்விகள் இருந்தார்கள். தேடினால் பட்டியல் விழும். எந்தச் செல்வி என்று பிரித்தறிய ஆபரேட்டர் சத்தமாகக் கேட்பார்: "மேலத்தெருவா, காலனியா?" வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். அச்சாகும் சீட்டில் 'காலனி' என்று வரும். அந்தச் சீட்டு மருத்துவரின் மேசைக்குப் போகும், ஊசி போடும் இடத்துக்குப் போகும், ஆய்வகத்துக்குப் போகும், மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் போகும். ஒரு இடத்தில் வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும் என்றிருந்த சாதி, நான்கு இடங்களில் கேட்காமலே தெரிகிறது. 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் தெருவுக்குப் புதுப் பெயர் வைத்தாலும் அது எந்தத் தெரு என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியாமலா போகும்? ஊசி போடுபவருக்கு நோயாளியின் தெரு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மென்பொருளை எழுதியவர் பெருநகரத்தில் இருந்திருப்பார். அவருக்கு முகவரி என்றால் கதவிலக்கமும் அஞ்சல் குறியீடும்தான்.

இதைவிடக் கனமான ஒன்று பிக்மி. கருவுற்ற பெண்கள் அத்தனை பேரையும் பதிவு செய்து, பரிசோதனை, தடுப்பூசி, பிரசவம், குழந்தை என்று தொடர்ந்து கண்காணிக்கும் தமிழ்நாட்டின் மென்பொருள். ரத்தசோகையோ உயர் ரத்த அழுத்தமோ உள்ள ஒரு பெண் கண்ணில் படாமல் நழுவிப் போகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அதைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் அந்தப் பதிவின் வழியாகத்தான் வருகிறது. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அந்த எண் வேண்டும். ஆக, கருவுற்ற எந்தப் பெண்ணும் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே இருந்துவிட முடியாது. அவருடைய பெயர், கணவர் பெயர், கைபேசி எண், இப்போது குடியிருக்கும் முகவரி எல்லாம் உள்ளே இருக்கும்.

சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு, ஊரை விட்டு ஓடிவந்து, எங்கோ ஒரு வாடகை வீட்டில் மறைந்து வாழும் ஒரு பெண்ணுக்கு இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2003-ல் கண்ணகியையும் முருகேசனையும் கொல்வதற்கு முன் அவர்கள் இருக்கும் இடத்தை உறவினர்கள் அலைந்து தேடித்தான் கண்டுபிடித்தார்கள். இன்று தேட வேண்டியவருக்கு ஏதாவது ஒரு சுகாதார அலுவலகத்தில் ஒரு மாமனோ சித்தப்பா மகனோ இருந்தால் போதாதா என்ற பயம் அந்தப் பெண்ணுக்கு வரும். அப்படி ஒருவர் தேடி, அப்படி ஒரு கொலை நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயம் இருக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் நேரில் பார்த்தேன்.

எந்த மாவட்டம் என்று எழுதமாட்டேன். இருபத்திரண்டு வயதிருக்கும். மூன்றாம் மாதம் தாண்டிவிட்டது. கிராம சுகாதாரச் செவிலியர் கேட்கக் கேட்க முகவரி சொல்லாமல், கைபேசி எண் சொல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணவர் வெளியே வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். செவிலியருக்குப் புரிந்துவிட்டது. "எந்த ஊரு நீங்க?" என்ற வழக்கமான கேள்வியை அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், எடை பார்த்தார், சத்து மாத்திரை கொடுத்தார். பிறகு தொடர்பு எண் என்ற கட்டத்தில் தன் சொந்தக் கைபேசி எண்ணைப் போட்டார். "எஸ்எம்எஸ் எனக்கு வரும் பாப்பா, நான் வந்து சொல்லிக்கிறேன்." முகவரிக்கு என்ன எழுதினார் என்பதை நான் பார்த்தேன், இங்கே சொல்லப் போவதில்லை. விதிப்படி அது தவறான பதிவு. தரவுத் தரம் பற்றிய பயிற்சி வகுப்புகளில் இப்படிப்பட்ட பதிவுகளைத்தான் எடுத்துக்காட்டித் திட்டுவார்கள். ஒரு மனிதரின் தனிப்பட்ட துணிச்சலை நம்பித்தான் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு இருக்க வேண்டுமா? சாதி மறுப்பு இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பு மருத்துவப் பதிவேட்டின் முகவரிக் கட்டம் வரைக்கும் வந்து சேர வேண்டும். பாதுகாப்புக் கோரும் பெண்ணின் முகவரியைப் பூட்டி வைக்க ஒரு வழி, ஒவ்வொரு முறையும் அவருடைய பதிவைத் திறந்து பார்த்தவர் யார் என்பது அவருக்கே தெரிய ஒரு வழி. வங்கியில் பத்து ரூபாய் எடுத்தால் குறுஞ்செய்தி வருகிறதே, அதைப் போல.

சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தை அறிவித்தார். அதே மாதம் வந்த சுகாதாரத் தரவுக் கொள்கை வரைவில், உணர்வு நுட்பமான தனிநபர் தரவு என்ற வரையறைக்குள் சாதியும் பழங்குடியும் இடம்பெற்றிருந்தன. கூடுதல் பாதுகாப்புக்கு உரிய தகவல் இது என்றாவது அந்த வரைவு ஒப்புக்கொண்டது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வகையையே தூக்கிவிட்டது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் சாதியும் உங்கள் கருக்கலைப்பும் நீங்கள் பீட்சா வாங்கிய விவரமும் ஒரே தட்டில். அதே 2023 ஜூனில்தான் கோவின் தளத்தில் தடுப்பூசி போட்டவர்களின் விவரங்கள் ஒரு டெலிகிராம் கணக்கின் வழியாக யார் கேட்டாலும் கிடைத்த செய்தி வந்தது. அதற்கு ஏழு மாதம் முன்பு, 2022 நவம்பரில், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டு, நாட்கணக்கில் பேனாவும் காகிதமுமாக வேலை நடந்தது. இப்படி ஓட்டைகள் உள்ள பானையில்தான் 14 இலக்க ஆபா எண்ணோடு நம் எல்லோருடைய நோயையும் ஊற்றச் சொல்கிறார்கள்.

இனி மறுபக்கம். தெரிந்தாக வேண்டிய இடத்தில் சாதி எப்படிக் காணாமல் போகிறது?

2018-20 காலகட்டத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19. இந்த எண்களை வைத்து நாம் பெருமைப்படுகிறோம், கேரளத்தைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படுகிறோம். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்தப் பெண்களுக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டால் 54 என்பது எவ்வளவு? 40-ஆ, 90-ஆ? அரசு வெளியிடும் அறிக்கையில் மாநிலம் உண்டு, சாதி இல்லை. கொரோனாவில் இறந்தவர்களில் எத்தனை பேர் தலித்துகள் என்று எந்த அரசும் சொல்லவில்லை. கோவின் தளம் ஆதார் கேட்டது, ஓடிபி கேட்டது. 18 முதல் 44 வயது வரையானவர்கள் ஆன்லைனில் பதிந்தால்தான் ஊசி என்று 2021 மே மாதம் கட்டாயப்படுத்தியபோது, கைபேசி இல்லாதவர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது. ஜூன் தொடக்கத்தில் இந்திய மொழிகளை அதில் சேர்த்தபோது தமிழை விட்டுவிட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்த்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஊசி போட்ட கோடிக்கணக்கானோரில் எந்தச் சமூகம் எவ்வளவு பின்தங்கியது என்று கேட்டால் அந்த பிரம்மாண்டமான தரவுக் கிடங்கிடம் பதில் இல்லை.

கணக்கிட்டால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு சான்று. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா மூவரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு இல்லாத ஒன்பது மாநிலங்களைப் பற்றியது. அங்கே ஆதிக்கச் சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு. ஏழ்மை இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை என்பது அவர்களின் முடிவு. 'அது வறுமைப் பிரச்சனை தோழர், சாதிப் பிரச்சனை இல்லை' என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இது ஒன்று போதும். இந்த ஆய்வுக்கு எந்தப் புது இயந்திரமும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் சாதி என்ற கட்டம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கட்டம் இல்லாதபோது கணினிக்குக் கிராமம்தான் மிகச் சிறிய அலகு. நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் மென்பொருளில் ஒரு கிராமத்துக்கு ஒரு குறியீடு. அந்தக் குறியீட்டுக்குள் ஊரும் இருக்கும், சேரியும் இருக்கும். ஊரில் ஒரு தண்ணீர்த் தொட்டி, சேரியில் வேறு தொட்டி. கிராமம் என்ற அலகையே தூக்கி எறிந்துவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டது இந்த அரசியலமைப்பு வரைவு, அதற்காக மகிழ்கிறேன் என்று 1948 நவம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசினார். மென்பொருள் எழுதுபவர்கள் கிராமத்தைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தபோது, குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தொட்டியில் ஏறிப் பார்த்தபோதுதான் மலம் கலந்திருப்பது தெரிந்தது. அந்தக் கேள்வி ஒரு மனிதரின் மூளையில் உதித்தது. மாவட்டச் சராசரியிலோ கிராமக் குறியீட்டிலோ அந்தத் தொட்டி தனியாகத் தெரிந்திருக்காது. சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் என்கிறவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று முடிவு செய்ய மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு அல்காரிதத்தை ஓபர்மேயரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2019-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்த நிரலில் இனம் என்ற கட்டமே கிடையாது. யாருக்கு அதிகம் செலவாகியிருக்கிறதோ அவரே அதிக நோயாளி என்று அது எடுத்துக்கொண்டது. கறுப்பின மக்களுக்கு மருத்துவ அமைப்பு எப்போதும் குறைவாகவே செலவழித்திருப்பதால், அதே அளவு நோய் இருந்தும் அவர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள். சரிசெய்திருந்தால் கூடுதல் கவனிப்புப் பெறும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்ந்திருக்கும். பாகுபாட்டை அவர்களால் கண்டுபிடிக்க முடிந்ததே நோயாளிகளின் இனம் வேறொரு பதிவில் இருந்ததால்தான். நம் காப்பீட்டுத் திட்டத் தரவை வைத்து நாளைக்கு ஒரு நிறுவனம் இதே போல ஒரு நிரல் எழுதினால், மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்கள் நோயற்றவர்களாகிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க நம்மிடம் என்ன இருக்கும்?

இந்தத் தரவையெல்லாம் தட்டச்சு செய்வது யார் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. பகலில் வீடு வீடாக அலைந்துவிட்டு இரவில் வீட்டில் சமைத்துக்கொண்டே லேப்டாப்பில் பதிவேற்றும் கிராம சுகாதாரச் செவிலியர்கள். பிக்மி பதிவேற்றச் சுமையைக் குறைக்கக் கேட்டு அவர்கள் போராடியிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் மகளிர் தன்னார்வலர்கள், மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு. 'தன்னார்வலர்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு சம்பளத்தை மறைக்கலாம் பாருங்கள்! மருத்துவர் திரையை நோக்கித் திரும்பத் திரும்ப, நோயாளியின் உடலைத் தொடும் வேலை படிப்படியாகக் கீழே இறங்குகிறது. கடைசியில் அது குறைந்த கூலி வாங்கும் பெண்களிடமும், மலமும் ரத்தமும் துடைக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களிடமும் வந்து நிற்கிறது. அந்தக் கடைசி வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாதியைக் கணக்கெடுத்தால் சாதி வளரும் என்ற பழைய வாதம் இங்கேயும் வரும். வந்தால் பிக்மியைக் காட்டுங்கள். ஒன்றிய அரசின் தாய் சேய் நலப் பதிவேட்டில் எஸ்சி, எஸ்டி, மற்றவர் என்று ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கருவுற்ற பெண்ணிடம் கேட்டு நிரப்புகிறார்கள். ஆக, தனிமனிதரிடம் சாதி கேட்பதில் அரசுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தொகுத்து வெளியிடுவதில்தான் தயக்கம். நான் கேட்பது இதன் தலைகீழ். ஊசி போடுகிறவரின் திரையில் அந்தக் கட்டமும் தெருவும் தெரியக் கூடாது. பெயரும் எண்ணும் நீக்கிய தொகுப்பாக அது ஆண்டுதோறும் பொதுமக்கள் முன்னால் வர வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்டேன். 'கோரப்பட்ட வடிவில் தகவல் தொகுக்கப்படவில்லை' என்று ஒரு வரிப் பதில் வந்தது. கட்டம் இருக்கிறது, நிரப்பியிருக்கிறார்கள், தொகுக்கவில்லை. கொஞ்சம் கணினி தெரிந்தவருக்கு அது அரை நாள் வேலை. முதல் மேல்முறையீட்டுக்கும் அதே வரிதான் வந்தது. இப்போது ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு இருக்கிறது. ஒருவர் கேட்டால் ஒரு கோப்பு. எல்லா மாவட்டத்திலிருந்தும் கேட்டால் அவர்கள் தொகுத்தே ஆக வேண்டும். பத்து ரூபாய் கட்டணம்தான். கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: 'இம்மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான கர்ப்பங்கள், நான்கு முறை பரிசோதனை முடித்தவர்கள், அறுவைப் பிரசவங்கள், தாய் மரணங்கள், எடை குறைந்த பிறப்புகள் ஆகியவற்றின் எண்ணிக்கையை எஸ்சி, எஸ்டி, மற்றவர் எனத் தனித்தனியாக, பெயர் விவரங்கள் இன்றி வழங்கவும்.'